ஐஸ் உடையாதான்னு கேக்காதீங்க

பொங்கல் பாட்லக்ல மறுபடியும் அதே கேள்வி.

போன சனிக்கிழமை, மினியாபொலிஸ் பக்கத்துல ஒரு ஸ்கூல் ஹால். வெளிய மைனஸ் பதினெட்டு. உள்ள வெண்பொங்கல், வடை, மூணு வீட்டு சாம்பார். (மூணும் ஒரே பொடி. எந்தக் கடைப் பொடின்னுகூட எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.) தட்டை எடுத்துட்டு ஓரமா உக்காந்தேன். பக்கத்துல புதுசா ஊருக்கு வந்த தம்பி ஒருத்தர். முகத்துல முதல் குளிர்காலத்துக் களை.

"ஆறு மாசமும் இப்படித்தானாண்ணே? வீட்டுக்குள்ளயேவா?"

"யார் சொன்னா? நாங்க சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஏரி மேல காத்தாடி விடறோம். கால்ல ஸ்கீ மாட்டிக்கிட்டா காத்தாடி நம்மளை இழுத்துட்டுப் போகும்."

ரெண்டு செகண்ட் அமைதி. வடை பாதி வழியில நின்னுச்சு. அப்புறம் வந்துச்சு.

"ஐஸ் உடையாதாண்ணே?"

ஏழு வருஷமா இதே கேள்வி. மாமனார் கேட்டாச்சு. முடி வெட்டறவர் கேட்டாச்சு. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கேட்டாச்சு (அவர் கேட்ட தொனியே வேற). எங்கம்மா வாராவாரம் வீடியோ கால்ல கேக்கறாங்க. "ஏண்டா, அந்த ஏரியில தண்ணி இருக்கா இல்லியா?" இருக்கும்மா. கீழ இருக்கு.

கேக்கறது தப்பே இல்ல. ஆனா இந்த விளையாட்டுல நான் பட்ட அடி எதுவும் ஐஸ்னால இல்ல. ஒண்ணுகூட இல்ல. எல்லாரும் காலுக்குக் கீழ பாத்துப் பயப்படறாங்க. பயப்பட வேண்டியது வேற ரெண்டு இருக்கு. ஒண்ணு தலைக்கு மேல. இன்னொண்ணு தோளுக்குக் கீழ.

அன்னிக்கு அந்தத் தம்பிகிட்ட முழுசா சொல்ல முடியல (பாயசம் தீர்ந்துடும்னு எந்திரிச்சு ஓடிட்டார், நியாயம்தான்). அதனால இங்க சொல்றேன்.

மொதல்ல, இது என்னன்னு தெரியாதவங்களுக்கு.

ஸ்னோகைட்டிங்னு பேரு. பாராசூட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஒரு துணிக் காத்தாடி. குச்சி கிடையாது. துணிக்குள்ள வரிசையா அறை, முன்பக்கம் வாய். காத்து உள்ள பூந்ததும் உப்பி, இறக்கை மாதிரி ஆயிடும். அதுலேருந்து இருபது மீட்டர் சொச்சத்துக்கு நாலு கயிறு. முடியற இடத்துல கையில பிடிக்க ஒரு பார். இழுவை எல்லாம் கைக்கு வராது, இடுப்புல கட்டியிருக்கற பட்டைக்கு வரும். கால்ல ஸ்கீ, இல்லன்னா ஸ்னோபோர்டு. கீழ உறைஞ்ச ஏரி. முடிஞ்சுது. டிக்கெட் இல்ல, மேல ஏத்திவிட லிஃப்ட் இல்ல, பெட்ரோல் இல்ல.

(இடுப்புக் கொக்கியில மாட்டற வளையத்துக்கு சிக்கன் லூப்னு பேரு. அம்மாகிட்ட சொன்னேன். "எதுக்குடா ஏரியில போய் அசைவம்?"னாங்க.)

ஏதோ நேத்து வந்த விளையாட்டுன்னு நினைக்காதீங்க. 1826லயே இங்கிலாந்துல ஜார்ஜ் போகாக்னு ஒரு ஸ்கூல் வாத்தியார், குதிரைக்குப் பதிலா காத்தாடி இழுக்கற வண்டிக்குக் காப்புரிமை வாங்கிட்டார். அப்போ அங்க டோல்கேட்டுல எத்தனை குதிரையோ அத்தனைக்குக் காசு. இவர் வண்டியில குதிரையே இல்ல. எந்தக் கணக்குல வாங்கறது? சும்மா விட்டுட்டாங்க. (நம்ம ஊரா இருந்தா காத்தாடி மேலயே ஃபாஸ்டேக் ஒட்டியிருப்பாங்க.)

சரி, ஐஸ்.

ஒரே தடவை சொல்லிடறேன், அப்புறம் கேக்கக் கூடாது.

மினசோட்டாவுல கார் நம்பர் பிளேட்லயே பத்தாயிரம் ஏரின்னு போட்டிருக்கும். அது தன்னடக்கம். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரியை மட்டும் எண்ணினாலே 11,842. ஏரி மேல போய் மீன் பிடிக்கறது இங்க குலத்தொழில் மாதிரி. ஐஸ்ல ஓட்டை போட்டு, சுத்தி ஒரு குடிசை போட்டு, உள்ள ஹீட்டர், டிவி எல்லாம் வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. டிரக்கையே ஏரி மேல ஓட்டிட்டுப் போவாங்க. முதல் வருஷம் அதைப் பாத்தப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. இப்ப நானே ஓட்டறேன்.

இது அசட்டு தைரியம் இல்ல. மாநில இயற்கை வளத்துறை ஒரு பட்டியலே போட்டு வெச்சிருக்கு. புதுசா உறைஞ்ச தெளிவான ஐஸ் 4 இன்ச் இருந்தா ஆள் நடக்கலாம். 5லேருந்து 7 இன்ச்னா ஸ்னோமொபைல். 9, 10 இன்ச்னா சின்ன கார். 13 இன்ச்னா நடுத்தர டிரக். 4 இன்ச்சுக்குக் கீழன்னா கரையிலயே நின்னு செல்ஃபி எடுத்துக்கோ.

ஐஸ் கறுப்பா, கண்ணாடி மாதிரி தெரிஞ்சா நல்ல ஐஸ். (புதுசா வர்றவங்க கறுப்பைப் பாத்துத்தான் பயப்படுவாங்க. உண்மையில அதுதான் கெட்டி.) பாதி உருகின பனி மறுபடி உறைஞ்சு வெள்ளையா இருந்தா, அதுக்குப் பலம் பாதிதான். அப்ப மேல சொன்ன இன்ச்சை எல்லாம் ரெண்டால பெருக்கிக்கணும்.

நாங்க போனதும் மொத வேலை கடப்பாரை. ஸ்பட் பார்னு இங்க பேரு வெச்சிருக்காங்க, எனக்கு அது கடப்பாரைதான். குத்திக் குத்திப் பாத்துட்டே நடக்கணும். அப்புறம் துளை போடற மெஷின், டேப். நூத்தம்பது அடிக்கு ஒரு தடவை அளக்கணும். கழுத்துல ஐஸ் பிக்: ரெண்டு கைப்பிடி, நுனியில ஆணி. விழுந்துட்டா அதை ஐஸ்ல குத்தி, வந்த பக்கமாவே மேல ஏறி, எந்திரிக்காம உருண்டு வரணும். வந்த பக்கம் ஏன்னா, அது வரைக்கும் உங்களைத் தாங்கின ஐஸ் அந்தப் பக்கம்தானே இருக்கு.

கார்டன் கீஸ்பிரெக்ட்னு மானிடோபா யுனிவர்சிட்டி பேராசிரியர் ஒருத்தர். குளிர்ல உடம்பு என்ன ஆகும்னு ஆராயறவர். ஆராய்ச்சிக்காகத் தானே பல தடவை பனித்தண்ணியில இறங்கினவர். அவர் சொல்ற கணக்கு 1, 10, 1. விழுந்ததும் மூச்சு வாங்கும் பாருங்க, அதை அடக்க ஒரு நிமிஷம். கைகால் நம்ம பேச்சைக் கேக்கறது பத்து நிமிஷம். நினைவு தப்ப ஒரு மணி நேரம். விழுந்த உடனே செத்துடுவோம்னு பதறித்தான் பல பேர் அந்த மொத நிமிஷத்தைத் தொலைக்கறாங்களாம்.

அப்புறம் சத்தம். கெட்டி ஐஸ் கத்தும். சும்மா இல்ல, தூரத்துல யாரோ பெரிய தகர ஷீட்டைச் சுண்டின மாதிரி "ட்யூ...ங்"னு ஏரியோட இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடும். காலுக்கு நேர் கீழ. வெயில் ஏறினா விரியும், ராத்திரி சுருங்கும், அதோட முனகல் அது. முதல் தடவை கேட்டப்ப நான் என் மனைவி கையைப் பிடிச்சேன். அவ அதுக்கு முன்னாடியே என் ஜாக்கெட்டைப் பிடிச்சிருந்தா.

இவ்வளவுக்கும் அப்புறம் நூறு சதவீதம் பாதுகாப்பான ஐஸ்னு ஒண்ணு கிடையாதுன்னு அந்தத் துறையே சொல்லுது. ஓடை வந்து சேர்ற இடம், ரெண்டு ஐஸ் பாளம் மோதி வரப்பு மாதிரி எழும்பின இடம், இதெல்லாம் பக்கத்துலயே போகக் கூடாது.

ஆனா விஷயம் என்னன்னா, ஐஸை அளக்கலாம். டேப் இருக்கு. சந்தேகமா இருந்தா வீட்டுக்குப் போயிடலாம்.

காத்தை?

காத்துதான் இங்க ராஜா. எப்பப் பாத்தாலும் மூடு மாறுற ராஜா.

ஒரு சின்னக் கணக்கு சொல்றேன், ஓடிடாதீங்க. காத்து வேகம் ரெண்டு மடங்கானா இழுவை ரெண்டு மடங்கு ஆகாது. நாலு மடங்கு. மணிக்குப் பத்து மைல் காத்துல சமத்தா இருக்கற காத்தாடி, இருபதுல வேற ஜென்மம். இது போதாதுன்னு, குளிர்ந்த காத்து கனம் வேற. நம்ம சென்னையில 35 டிகிரியில வீசற காத்தை விட மைனஸ் 20ல வீசற காத்து ஐஞ்சுல ஒரு பங்கு கனம் கூட. அதே வேகம்தான், ஆனா அடி பலமா விழும். அதுவும் பனியில உராய்வு ரொம்பக் கம்மி. கடல்ல காத்தாடி பிடிக்கறவங்க எடுக்கற சைஸை விடச் சின்னது போதும். இந்தக் கணக்கை நான் அனுபவத்துல கத்துக்கிட்டேன். அது பின்னாடி வருது.

எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர் இருக்கார். அறுபது தாண்டினவர், தாத்தா காலத்துல நார்வேலேருந்து வந்த குடும்பம். மைனஸ் இருபத்தஞ்சுலயும் "நாட் டூ பேட்"னு சொல்ற ரகம். (மினசோட்டாவுல அதுக்கு மேல பாராட்டு கிடையாது. கல்யாணத்துக்கும் அதேதான் சொல்வாங்க.) அவர்தான் என்னை இதுல இழுத்து விட்டவர். நான் லஞ்ச்ல சின்ன வயசுக் காத்தாடிக் கதையை அளந்துட்டிருந்தேன். வியாசர்பாடி மொட்டை மாடி, வஜ்ஜிரம் காய்ச்சி மாஞ்சா போட்டது, டீல்ல பக்கத்துத் தெரு காத்தாடியை அறுத்தது எல்லாம். அவர் முழுசாக் கேட்டார். சாண்ட்விச்சை மூடினார். "சனிக்கிழமை ஃப்ரீயா?"ன்னார்.

(மாஞ்சாவைப் பத்தி ஒரு வார்த்தை. அதைப் பெருமையாச் சொல்லல. ரோட்டுல பைக்ல போனவங்க கழுத்தை அறுத்து, குழந்தைங்ககூட செத்திருக்காங்க. அதைத் தடை பண்ணது நூத்துக்கு நூறு சரி. அப்ப எங்களுக்குப் புத்தி இல்ல.)

அந்த சனிக்கிழமை வக்கோனியா ஏரி. முதல்ல ரெண்டரை சதுர மீட்டர்ல ஒரு குட்டிக் காத்தாடி கொடுத்தார். ஸ்கீ கிடையாது, சும்மா நின்னு விடணும். காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. முன்னாடி ஒரு பெரிய கடிகாரம் நிக்க வெச்ச மாதிரி நினைச்சுக்கோ. உச்சந்தலைக்கு மேல 12. இடது கைப் பக்கம் தரையில 9, வலது பக்கம் 3. ஓரத்துல இருக்கற வரைக்கும் காத்தாடி சாது. நடுவுல இறக்கினா புலி.

எனக்கு ஒரே கர்வம். பத்து நிமிஷத்துல எட்டு போட்டுக் காட்டினேன். நாம யாரு? வியாசர்பாடி!

மூணாவது வாரம் ஆறு மீட்டர் காத்தாடி, கால்ல ஸ்கீ. காத்து 12 மைல். கிளம்பினேன். ஏரி நழுவ ஆரம்பிச்சுது. சத்தமே இல்ல, ஸ்கீக்குக் கீழ பனி தேயற சர்ர்ருனு ஒரு ஓசை மட்டும். யாரோ கண்ணுக்குத் தெரியாதவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி. வாயைத் திறந்து சிரிச்சேன், பல்லு ஜில்லுனுச்சு.

அப்ப ஒரு வீச்சு. பதினெட்டு இருக்கும். 12லேருந்து 18, ஒண்ணரை மடங்குதான். இழுவை ரெண்டேகால் மடங்கு.

இங்கதான் விஷயமே இருக்கு. இந்தப் பாரை நம்ம பக்கம் இழுத்தா காத்தாடிக்கு பவர் கூடும். கையைத் தளர்த்தினா, இல்ல மொத்தமா விட்டுட்டா, பார் தானா மேல போயி பவர் வடிஞ்சுடும். அதாவது ஆபத்து வந்தா செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு.

விடணும்.

நான் விடல. இறுக்கிப் பிடிச்சேன். பிடிக்கப் பிடிக்க அது இழுக்குது, இழுக்க இழுக்க நான் பிடிக்கறேன். ஒரு ஸ்கீ கழண்டு போச்சு. வயித்துல படுத்துட்டேன். அம்பது அறுபது அடிக்கு ஏரியை நெஞ்சாலயே பெருக்கினேன். ஜாக்கெட் கழுத்து வழியாப் பூந்த பனி பெல்ட் வரைக்கும் வந்து நின்னுச்சு. பின்னாடி பெரியவர் கத்தறார்: "லெட் கோ! லெட் கோ!"

எனக்குக் கேட்டது வேற குரல். மொட்டை மாடியில எங்கண்ணன். "விடாதடா! விட்டா போச்சு! டேய், விடாத!"

முப்பது வருஷமா மண்டைக்குள்ள கத்திட்டிருக்கான் அவன்.

காத்தாடியை விட்டா அவமானம். எட்டு வயசுலேருந்து கைக்குத் தெரிஞ்ச ஒரே சட்டம் அதுதான். நூல் விரலை அறுத்தாலும் விடக் கூடாது. அந்தக் கையை வெச்சுட்டு நான் இங்க வந்து நிக்கறேன்.

அடுத்த வாரம் பெரியவர் என்னை ஸ்கீ போட விடல. கரையோரமா நிக்க வெச்சார். சிக்கன் லூப்புக்கு மேல சிவப்பா ஒரு பிடி இருக்கும். தள்ளினா காத்தாடி ஒத்தைக் கயித்துல தொங்கி, உசுரு போன துணியா கீழ விழுந்துடும். கடைசிப் பாதுகாப்பு அது. அதை இருபது தடவை தள்ளச் சொன்னார். தள்ளு, மறுபடி கோர்த்து மாட்டு, மறுபடி தள்ளு. விரல் மரத்துப் போச்சு. பதினஞ்சாவது தடவையில எனக்கு அழுகையே வந்துச்சு. அவர் கடிகாரத்தைக்கூடப் பாக்கல.

இருபது தடவை போதாதுன்னு எனக்கு இப்பத் தெரியும். ஒவ்வொரு டிசம்பரும் முதல் நாள் மறுபடி இருபது.

இப்ப என் மனைவி கதைக்கு வர்றேன். (அவ படிச்சுட்டுத்தான் போஸ்ட் பண்ணணும்னு ஒப்பந்தம்.)

முதல் வருஷம் பூரா அவ காருக்குள்ள ஹீட்டர் போட்டு உக்காந்து, நான் விழறதை வீடியோ எடுத்தா. நல்ல கலெக்‌ஷன். ரெண்டாவது வருஷம் ஒரு நாள் இறங்கி வந்தா. "கொடுங்க, பாப்போம்."

"உனக்குக் காத்தாடி விட்டு பழக்கம் இருக்கா?"

"எங்க விட்டீங்க? எங்கண்ணனுங்க விடுவாங்க. நான் லொட்டாய் பிடிப்பேன்."

அவ்வளவு சாதாரணமாச் சொன்னா. நூல் சுத்தின உருளையைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி நிக்கறது. "நூல் விடு"ன்னா விடணும், "சுத்து"ன்னா சுத்தணும். எங்க மாடியில என் தங்கச்சிக்கும் அதே வேலைதான். அவ கையில ஒரு தடவையாவது நூலைக் கொடுத்தேனான்னு அன்னிக்கு ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல. வராதுன்னு தெரியும்.

சரி, இவ காத்தாடியைத் தூக்கினா. ஒரு வீச்சு வந்துச்சு. பெரியவர் "லெட் கோ"ன்னு முடிக்கறதுக்குள்ள விட்டுட்டா. காத்தாடி மெதுவா உக்காந்துச்சு. அவ நின்ன இடத்துலயே நிக்கறா. குல்லாகூட நகரல.

அவ கைக்கு மறக்க வேண்டியது எதுவுமே இல்ல. நான் ஒரு வருஷம் விழுந்து எந்திரிச்சுக் கத்துக்கிட்டதை அவ ஒரு மத்தியானத்துல தாண்டிட்டா. இன்னிக்கு வரைக்கும் என்னை விட நல்லா ஓட்டறது அவதான். எதிர்க்காத்துல ஏறிப் போறதுல எங்க கூட்டத்துலயே அவ முதல்.

(எதிர்க்காத்துல எப்படிப் போக முடியும்னு கேப்பீங்க. நேரா போக முடியாது. ஸ்கீயோட ஓரத்தைப் பனியில அழுத்தி, குறுக்கா இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு கோணலா ஏறணும். பாய்மரப் படகு போற அதே வித்தைதான்.)

டொரான்டோவுல இருக்கற யாழ்ப்பாண நண்பர்கிட்ட இதெல்லாம் போன்ல சொன்னேன். அவர் சிரிச்சார். "நீங்கள் உங்கை இழுபட்டதை ஒரு விசயமெண்டு சொல்லுறியள்!" வல்வெட்டித்துறையில தைப்பொங்கல் அன்னிக்குப் பட்டப் போட்டி நடக்கும்ல, அங்க ஆளை விடப் பெரிய பட்டம் எல்லாம் ஏறும். பட்டத்துல விண் கட்டி விடுவாங்க, ராத்திரி பூரா வானத்துல கூவிட்டே இருக்கும். 2021 டிசம்பர்ல பருத்தித்துறைப் பக்கம் நடந்ததை உங்கள்ல பாதிப் பேர் வீடியோவுலயே பாத்திருப்பீங்க. சில பேர் சேர்ந்து ஒரு ராட்சதப் பட்டத்தோட கயித்தைப் பிடிச்சிருக்காங்க. அது கிளம்பினதும் மத்தவங்க விட்டுட்டாங்க. ஒரு இளைஞர் மட்டும் விடல. பட்டம் அவரையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுச்சு. பெரிய காயம் இல்லாம பிழைச்சுட்டார். நல்ல வேளை.

உலகமே அதைப் பாத்துச் சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

அடி வாங்கறதைப் பத்தியே சொல்லிட்டிருக்கேன். பின்ன ஏன் போறோம்?

மில் லாக்ஸ்னு ஒரு ஏரி. எங்க ஊர்லேருந்து வடக்கே ரெண்டு மணி நேரம். 500 சதுர கிலோமீட்டருக்கு மேல. கரையில நின்னா எதிர்க்கரை தெரியாது. ஜனவரி கடைசியில அது மேல நாலு இன்ச் பனி விழுந்து, வடமேற்குக் காத்து ஒரே சீரா பதினாலு மைல் வீசினா (கனடாவோட ஆல்பர்ட்டா பக்கத்துலேருந்து ஒரு காத்தழுத்தத் தாழ்வு கடகடன்னு இறங்கிப் போகும், அது போன மறுநாள்), அதுதான் எங்களுக்கு தீபாவளி. மரம் இல்ல, கரண்ட் கம்பி இல்ல, மேடு பள்ளம் இல்ல. மலைச்சரிவுல பனிச்சறுக்குன்னா ரெண்டு நிமிஷத்துல கீழ வந்துட்டு லிஃப்ட்டுக்கு வரிசையில நிக்கணும். இங்க முடிவே கிடையாது. நீங்க நிறுத்தினாத்தான் உண்டு.

பெரிய ஆளுங்க எங்கெங்கயோ போயிருக்காங்க. 2010ல செபாஸ்டியன் கோப்லண்டும் எரிக் மெக்நேர்-லாண்ட்ரியும் கிரீன்லாந்தைக் காத்தாடியிலயே தாண்டினாங்க. அதுல ஒரு 24 மணி நேரத்துல மட்டும் 595 கிலோமீட்டர். சென்னையில கிளம்பினா கோவில்பட்டி தாண்டிடலாம். (கடலைமிட்டாய்க்கு நிக்காம போனா.) நார்வேயில ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில ராக்னராக்னு ஒரு ரேஸ் நடக்கும், நூத்துக்கணக்குல காத்தாடி ஒரே நேரத்துல கிளம்பும். எங்க பெரியவர் ரிட்டயர் ஆனதும் அதுக்குத்தான் போகணும்னு காசு சேக்கறார்.

நாங்க அந்த லெவல் இல்ல. எங்க சாதனையைச் சொல்றேன் கேளுங்க. மூணு வருஷம் முன்னாடி மில் லாக்ஸ்ல காத்தோட போனோம். என்னா சுகம்! போயிட்டே இருந்தோம். நாலு மைல் போனதும் காத்து நின்னுடுச்சு. சும்மா, சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி. காத்தாடி தொப்புனு விழுந்துச்சு. காரு ஒரு கறுப்புப் புள்ளி. ஸ்கீயைத் தோள்ல போட்டுட்டு, அந்த இரும்பு மாதிரி பூட்ஸோட நாலு மைல் நடை. வழியில மீன் பிடிக்கற குடிசையிலேருந்து ஒருத்தர் எட்டிப் பாத்தார். எங்க ரெண்டு பேரையும் மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தார். "காத்து இல்லியா?"ன்னு மட்டும் கேட்டுட்டுக் கதவைச் சாத்திட்டார்.

அன்னிலேருந்து சட்டம்: போகும்போது எதிர்க்காத்துல போ, வரும்போது காத்தோட வா. மூச்சு இருக்கும்போது கஷ்டத்தை முடிச்சுடு. (இதை வாழ்க்கைத் தத்துவமா ஃபார்வர்ட் பண்ணாதீங்க, பிளீஸ். இது வெறும் டிராஃபிக் ரூல்.)

இன்னொரு சட்டம், தனியாப் போகக் கூடாது. எங்க கூட்டத்துல பதினோரு பேர். ஒரு தபால்காரர், ஒரு பல் டாக்டர், காலேஜ் படிக்கற ஒரு பொண்ணு, பெரியவர், நாங்க ரெண்டு பேர், இன்னும் சிலர். வருஷத்துல எட்டு மாசம் நாங்க ஒருத்தருக்கு ஒருத்தர் போன்கூடப் பண்ண மாட்டோம். டிசம்பர்ல ஏதாவது ஒரு ஏரி 6 இன்ச் ஆச்சுன்னு ஒருத்தர் டேப்போட போட்டோ அனுப்புவார். அவ்வளவுதான், ஆரம்பிச்சுடும். நான் விழுந்தா யாரு காத்தாடியைப் பிடிப்பாங்க, யாரு ஓடிப் போன ஸ்கீயைத் துரத்துவாங்கன்னு பேச வேண்டியதே இல்ல. மைனஸ் 18, காத்து 15 மைல்னா உடம்புக்கு அது மைனஸ் 28 மாதிரி. திறந்த தோல் அரை மணி நேரத்துல பனியில கருகிடும். அதனால பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒருத்தர் மூக்கை ஒருத்தர் பாத்துக்கணும். உங்க மூக்கு வெளுத்துப் போச்சான்னு உங்களுக்கே தெரியாது. எதிர்ல நிக்கறவருக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்துலயும் நாங்க நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்கோம். தயிர்சாதம்: செங்கல். இட்லி: ஹாக்கி விளையாடலாம். சாக்லேட்: பல் டாக்டருக்கு வியாபாரம். ஜெயிச்சது ரசம். பெரிய ஃப்ளாஸ்க்ல மிளகு தூக்கலா ஒரு ரசம், பேப்பர் கப்ல ஊத்தினா ஆவி முகத்துல அடிக்கும். மூக்குக்குள்ள உறைஞ்ச முடியெல்லாம் இளகும். தபால்காரர் முதல் தடவை குடிச்சுட்டு கண்ணுல தண்ணி விட்டார். இப்ப அவர் வர்றதே அதுக்குத்தான்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். பெரியவர் ரெண்டாவது கப்பை நீட்டிட்டு "நாட் டூ பேட்"னார். என் மனைவிக்கு அது பத்மஸ்ரீ.

2023-24 குளிர்காலத்துல இதெல்லாம் இல்லாம போச்சு. இங்க பதிவு பண்ண ஆரம்பிச்சதுலேருந்து அவ்வளவு சூடான குளிர்காலம் வந்ததில்ல. டிசம்பர் முடியற வரைக்கும் எங்க பக்கத்து ஏரிகள்ல நம்பி நிக்க இடம் இல்ல. அந்த வருஷக் கடைசியில வடக்கே அப்பர் ரெட் லேக்ல ஐஸ் பாளம் கரையிலேருந்து பிரிஞ்சு நகர்ந்து, மீன் பிடிக்கப் போன நூறு பேருக்கு மேல அதுல மாட்டிக்கிட்டாங்க. படகு விட்டு எல்லாரையும் மீட்டாங்க. நாங்க அந்த சீசன்ல மொத்தம் மூணு நாள்தான் ஏரியில நின்னோம். தபால்காரர் ஜனவரியில போன் பண்ணார். "காத்தாடி வேணாம். ரசம் மட்டும் வெப்பீங்களா?" பதினோரு பேரும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. ஜன்னல் வழியா மழை பெய்யறதைப் பாத்துட்டே குடிச்சாங்க. மினசோட்டாவுல, ஜனவரியில, மழை. யாரும் ஒண்ணும் பேசல.

அதுக்கப்புறம் ஒவ்வொரு இன்ச்சும் எங்களுக்குப் பெருசு.

இந்த வருஷம் நல்லா இருக்கு.

சரி தம்பி, இதைப் படிக்கறீங்கன்னு தெரியும், உங்களுக்கு லிங்க் அனுப்பினதே நான்தான். சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வாங்க. கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி, காட்டன் வேண்டாம், வேர்த்தா ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ஹெல்மெட், கண்ணாடி, ஐஸ் பிக் எங்ககிட்ட இருக்கு. முதல் நாள் ஸ்கீ கிடையாது. ரெண்டரை மீட்டர் காத்தாடியும், அந்தச் சிவப்புப் பிடியை இருபது தடவை தள்ளற வேலையும்தான். கத்துக்கொடுக்கப் போறது நான் இல்ல, என் மனைவி. சின்ன வயசுல காத்தாடி விட்டிருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. நாப்பது தடவை தள்ளச் சொல்வா.

நேத்து சாயந்தரம் போய் துளை போட்டுப் பாத்துட்டு வந்தேன். தெளிவான கறுப்பு ஐஸ். 14 இன்ச்.